ஸபியாவுக்குச் சொல்ல வேண்டிய வசனம்

நடிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் நடிக்க வந்தபோது எனக்கு எல்லோரும் ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் சொன்னார்கள்: நடிக்கப் போகாதே. அதை நான் கேட்கவில்லை. ஆகவே நான் சொல்வதை நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நடிப்புப் பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடுவதற்குக்கூட ஆள் வைத்துப் பழக்குகிறார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, அந்தப் பழைய நாடகத்தில் கணவனின் வாயைக் கையால் பொத்துகிறீர்களே, அந்தக் கட்டத்துக்கு உங்களை எப்படித் தயார்செய்தீர்கள் என்று கேட்டாள். நான் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, தொண்டையைச் செருமி, "உள்ளே தேடினேன்" என்று சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அது சுத்தப் பொய். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இது.

என்னைக் குணச்சித்திர நடிகை என்பார்கள். கதாநாயகியாகப் போட முகம் போதாது, ஆனால் வரச் சொன்ன நேரத்துக்கு வருவாள், வசனத்தை மறக்க மாட்டாள் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. இருபத்தாறு வயதில் முதல் தாய் வேடம் கிடைத்தது. மகனாக நடித்தவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். காட்சியில் உம்மா என்று என் மடியில் விழுந்து அழுதுவிட்டு, எழுந்து, "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்க" என்பார்.

அதற்கும் முன்னால், எழுபதுகளின் கடைசியில், ஒரு படத்தில் தலைகாட்டியிருந்தேன். தலைகாட்டினேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. கிணற்றடியில் கதாநாயகி பாடுகிறாள், பின்னால் குடத்தோடு நான் நிற்கிறேன். படம் வந்தபோது குடம் முழுதாக வந்திருந்தது, நான் ஒரு கண் மட்டும் வந்திருந்தேன். அந்த ஒரு கண்ணைப் பார்க்கக் கல்முனையில் பாதிச் சனம் கொட்டகைக்குப் போனது. மீதிப் பாதி, ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் கண்ணை இப்படிக் கொட்டகையில் காட்டலாமா என்று கடைத்தெருவில் விவாதித்தது. விவாதித்தவர்களும் பார்த்துவிட்டு வந்துதான் விவாதித்தார்கள்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. நாடகங்களுக்குள் முஸ்லிம் பாத்திரங்களும் வந்தன. ஒரு இயக்குநர் எனக்குத் தந்த வசனத்தில் வரிக்கு வரி "நம்பிள்", "நிம்பிள்" என்று இருந்தது. எங்கள் ஊரில் யாரும் இப்படிக் கதைப்பதில்லை என்றேன். அவர் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் கதைக்காமல் இருக்கலாம், நாடகத்தில் முஸ்லிம்கள் இப்படித்தான் கதைப்பார்கள்" என்று விளக்கினார். ஆக, நான் பிறந்தபடி கதைத்தால் அது நடிப்புக்கு ஒத்துவரவில்லை.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையே அவருடையதுதான்.

பெயர் காசிம். ஊர் மருதமுனை. ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கைத்தறிச் சாரம் வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பது தொழில். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் ஒரு பெட்டியோடு கல்முனைக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்களில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். வீடு பெண்ணுடையது, பெட்டி மாப்பிள்ளையுடையது.

நான் நடிக்கப் போகலாமா என்று குடும்பம் கூடிப் பேசியபோது, போகட்டும், ஆனால் போகிற இடமெல்லாம் நானும் போவேன் என்று சொன்னவர் அவர். சொன்னபடி வந்தார். ஒவ்வொரு படப்பிடிப்பிலும் ஒரு மூலையில் சாரக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். நான் அழுது முடிப்பதற்குள் விளக்குப் பிடிப்பவர்களுக்கும் ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் ஆளுக்கொரு சாரம் விற்று முடித்திருப்பார். அந்தக் காலத்துக் கொழும்புக் கலைஞர்களில் பாதிப் பேர் வீட்டில் உடுத்தது என் மனிதரின் சாரத்தைத்தான்.

இன்னொரு உபகாரமும் செய்தார். வசனம் பாடமாக்க எனக்கு எதிர் ஆள் வேண்டும். மாலையில் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லா ஆண்களின் வசனத்தையும் அவரே வாசிப்பார். வைத்தியர், பொலிஸ்காரர், வயற்சொந்தக்காரப் போடியார், கள்ளன், எல்லோரும் அவர்தான். எல்லோரும் சாரம் விற்பவரின் குரலில்தான் கதைப்பார்கள். ஆனால் ஒரு சொல் தவறாது.

எண்பதுகளின் முதல் பாதியில் ஒரு இயக்குநர் எங்கள் ஊருக்கே வந்தார். கொழும்பில் இருந்தவர், கல்முனையை அதற்கு முன் இரண்டு தரம் பஸ் ஜன்னலால் பார்த்திருந்தார். அதனால் முஸ்லிம் பெண்களின் துயரத்தைப் பற்றி ஒரு மணி நேர நாடகம் எழுதியிருந்தார். தொலைக்காட்சிக்குத்தான், ஆனால் படச்சுருளில் எடுக்கிறார்கள். அசல் முஸ்லிம் வீடு வேண்டும் என்று தேடி, கடைசியில் என் வீட்டையே பிடித்தார். எனக்கு ஸபியா என்று பெயர். கணவன் மூன்று தரம் தலாக் சொல்லித் தள்ளிவிடுகிறான். நான் அழுது, விழுந்து, அவன் காலைப் பிடிக்கிறேன். துயரம் முற்றுப்பெறுகிறது.

இப்படி மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது எங்கள் பக்கத்தில் நடைமுறை இல்லை, காதியார் இருக்கிறார், விசாரணை இருக்கிறது, தவணை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். தவணை கொடுத்தால் நாடகத்தின் வேகம் குறைந்துவிடும் என்றார். சரி, கணவனாக நடிக்கிறவர் வானொலியில் பெயர் எடுத்த ஒரு கிறிஸ்தவர், அவர் சொன்னால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். வீட்டில் பாடமாக்கும்போது அந்தப் பக்கம் வந்ததும் காசிம் மட்டும் அதை வாசிக்காமல் புரட்டினார். நானும் வற்புறுத்தவில்லை. அப்போது எனக்குப் புத்தி இருந்தது.

அந்தப் புத்தி போன கதை இதுதான்.

தலாக் காட்சி எடுக்க வேண்டிய நாளில், வானொலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். முதல் நாள் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக அவருக்கு விருந்து. நண்டு ஒரு வீட்டில், வட்டிலப்பம் ஒரு வீட்டில், எருமைத் தயிர் ஒரு வீட்டில். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர். அன்று முழுக்க என் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்ன அறைக்கும் பாய்க்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிறது. கையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சுருள். விடிந்தால் அதே முற்றத்தில் கலியாணக் காட்சிக்குப் பந்தல் கட்ட வேண்டும், கொழும்பிலிருந்து புதுச் சுருளும் அப்போதுதான் வரும். நாடகத்தில் முதலில் வருவதைக் கடைசியிலும் கடைசியில் வருவதை முதலிலும் எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்களுக்கு யோசனை வரும்போது நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். கமராவைக் கணவனின் முதுகுக்குப் பின்னால் வைப்பது. அவன் காதும் தோளும்தான் தெரியும். முழு முகம் எனக்கு. குரலைக் கொழும்பில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே தோளுள்ள எந்த ஆணும் போதும். வசனம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் மூலையில் இருந்த சாரக் கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கமராக்காரர் ஒரு சிங்களவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கூச்சப்படுவார். அவர் என்னிடம் வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், சொல்கிறவனின் முகத்தில் ஒன்றும் இல்லை நோனா, கேட்கிறவளின் முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது, இன்றைக்குச் சுருள் முழுவதும் உங்கள் முகம்தான் என்றார். தொழிலில் எனக்கு யாராவது ஒன்றைக் கற்றுத் தந்தார்கள் என்றால் அந்த ஒரு வரிதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு கண்ணில் தொடங்கியவள் நான். ஆறு வருடத்தில், தாயாக அழுதபோதுகூட, என் முகம் முழுதாகத் திரைக்கு வந்ததே இல்லை. அந்த ஆசையில் வேறு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

காசிம் என்னை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் மெல்லக் கேட்டார்.

"புள்ள, இத நான் சொல்லலாமா?"

"கதைக்குத்தானே சொல்றீங்க. ஸபியாவுக்குத்தானே. என்ட பேர் ஸபியாவா?"

அவர் ஓம் என்று தலையாட்டினார். அவரை அதற்குள் தள்ளியது நான்தான். இயக்குநரைத் திட்டுவது லேசு, இவ்வளவு நேரமும் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த முற்றத்தில் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்த கலைஞர் நான் ஒருத்திதான், நான்தான் அதை லேசாக்கிக் கொடுத்தேன்.

வேலி நிறையச் சனம். தென்னையில் இரண்டு பேர். படப்பிடிப்பை நிறுத்தச் சொல்ல வந்த பள்ளிவாசல் மரைக்கார், நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் பார்ப்போம் என்று கதிரை வாங்கிப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது. இயக்குநர் கடைசியாக ஒன்று சொன்னார்: தான் நிறுத்தச் சொல்லும்வரை வீடு இடிந்து விழுந்தாலும் நடிப்பு நிற்கக்கூடாது, இதுதான் கடைசிச் சுருள்.

கமரா ஓடத் தொடங்கியது. காசிம் எனக்கு முன்னால் நின்றார். நெற்றியில் வியர்வை. கண் என் முகத்தில்.

"ஹாஜறா, உன்னை நான் தலாக் சொல்லிவிட்டேன்."

ஹாஜறா என் பெயர்.

காதில் பிழையாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்போது மரைக்காரின் கையில் தஸ்பீஹ் நிற்பதைப் பார்த்தேன். வேலியில் ஒரு சத்தம் இல்லை. இயக்குநருக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஹாஜறா, உன்னை நான் தலாக் சொல்லிவிட்டேன்."

இரண்டு. தான் என்ன பெயர் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஓதப் போன பிள்ளை ஒப்பிப்பதைப்போல நேரே போய்க்கொண்டிருந்தார். மூன்று என்று எழுதியிருக்கிறது, மூன்றையும் சொல்லித்தான் நிற்பார். ஒரு சொல் தவறாதவர் என்று முன்னமே சொன்னேனே. மூன்றும் முடிந்தால், பிள்ளைகளே, எங்கள் மார்க்கத்தில் திரும்பிச் சேருவது லேசான காரியம் இல்லை. நான் வேறொருவரைக் கட்டி, அது முறிந்து, அதற்குப் பிறகுதான் அவரை நினைக்கலாம். ஒன்பது வருடக் குடும்பம். வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள்.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதீர்கள், ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அழலாம், ஆனால் அழுவது காட்சியில் இருக்கிறது. கத்தலாம், அதுவும் இருக்கிறது. மயங்கி விழலாம் என்றால் அதையும் அந்தப் புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறார். நான் எதைச் செய்தாலும் காசிம் அதை நடிப்பு என்றே எடுத்துக்கொண்டு, மூன்றாவதையும் சொல்லி முடிப்பார். ஒரு பெண் ஆபத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் இயக்குநர் ஏற்கெனவே வசனத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் வாய் திறந்தது. "ஹா" என்று மூச்சு வந்தது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்து, என் வலக்கையால் அவர் வாயை இறுக்கிப் பொத்தினேன்.

அப்படியே நின்றேன். அவர் கண் முதலில் குழம்பியது, பிறகு பயந்தது, பிறகு விளங்கிக்கொண்டது. அது விளங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவாரோ என்று எடுக்கவில்லை. கமராக்காரர் நிறுத்தவில்லை. சுருள் தீர்ந்து சத்தம் மாறும்வரை என் கை அங்கேயே இருந்தது.

இயக்குநர் ஓடிவந்து காசிமைக் கட்டிப்பிடித்தார். இப்படி ஒரு கட்டத்தைத் தான் எழுதவே இல்லையே என்று உருகினார். ஊரில் ஒருவரும் கைதட்டவில்லை. மரைக்கார் எழுந்து வந்து, "காசிம், என்ன பேர் சொன்ன நீங்க?" என்று மட்டும் கேட்டார். காசிம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் விளங்கியதும் இயக்குநர் எனக்கு ஆறுதல் சொன்னார். கவலைப்படாதீர்கள், குரல் சேர்க்கும்போது ஸபியா என்று மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். அல்லாஹ்வுக்கும் குரல் சேர்த்த பிரதியைத்தான் அனுப்புவீர்களா என்று கேட்டேன். அவர் அதையும் நல்ல வசனம் என்றார்.

காசிம் யாருடனும் வாதாடவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார். சைக்கிளில் கட்டினார். ஆலிம் ஒருவரிடம் கேட்கும்வரை இந்த வீட்டில் இருப்பது கூடாது என்றார். பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்கு, அவருடைய உம்மாவிடம் போனார். சைக்கிள் போய்ச் சேருவதற்கு முன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த மகன் பெட்டியோடு திரும்பி வந்ததில் என் மாமிக்கு என்ன கவலை என்றால், சோற்றுக்கு ஆணம் ஒன்றுதான் ஆக்கியிருக்கிறோம் என்ற கவலைதான். அன்று அவர் தோறாமீன் வாங்கிப் பொரித்ததாகப் பிறகு அறிந்தேன்.

தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆலிம் பொத்துவிலுக்குப் போயிருந்தார், மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அதற்காகத் தீர்ப்பு தாமதமாகவில்லை. தேத்தண்ணிக் கடை ஒரு தீர்ப்புச் சொன்னது, மீன் சந்தை ஒரு தீர்ப்புச் சொன்னது. போய்விட்டது என்று சிலர், போகவில்லை என்று சிலர், பாதி போய்விட்டது என்று சிலர். பாதி போன கலியாணத்தில் எந்தப் பாதி மிச்சம் என்று அவர்கள் சொல்லவில்லை.

மறுநாள் எனக்குக் கலியாணக் காட்சி.

பந்தல் கட்டியாயிற்று. வானொலிக்காரர் வயிறு சரியாகி, மாப்பிள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். நான் பட்டுச் சேலையும் முக்காடுமாக வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டும். தெருப்பெண்கள் குரவையிட வந்திருந்தார்கள். முதல் நாள் வேலியில் நின்று தலாக்கைக் கேட்ட அதே பெண்கள். என் சின்ன மகள் கதவடியில் நின்று, வாப்பா எப்ப வருவார் என்று கேட்டாள். நான் சிரித்தேன். பன்னிரண்டு தரம் சிரிக்க வைத்தார்கள். எந்த மனநிலையிலும் நடிப்பேன் என்று நீங்கள் மேடைகளில் சொல்வதைக் கேட்கிறேன். முடியும்தான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

கமராக்காரர் மட்டும் வந்து, அந்தச் சுருள் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வெளிச்சம் பட்டுப் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். என் முகம் முழுதாக வந்த முதல் சுருள். நான் வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அதை அழித்தால் நடந்தது நடக்காமல் போய்விடாது என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் அழிக்க மனம் வரவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அந்த முகம் வேண்டியிருந்தது. நடிகைகள் எவ்வளவு கேவலமானவர்கள் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாம் நாள் ஆலிம் வந்தார். அவருடைய வீட்டு முன்னறையில் காசிமும் மரைக்காரும் இன்னும் இரண்டு பேரும் பாயில் இருந்தார்கள். நான் உள்வாசலில் திரைக்குப் பின்னால். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. தீர்ப்பு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. கதைசொல்லி இன்னொருவன் சொன்னதை எடுத்துச் சொன்னால் அது அவனுடைய தலாக் ஆகாது என்று ஒரு பக்கம். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது சொன்னதுதான் என்று ஒரு பக்கம். நடுவில் என் பெயர்.

ஆலிம் மெல்லிய குரலில் கேட்டார்.

"கதையில பொம்புளட பேர் என்ன?"

"ஸபியா, ஹஸ்ரத்."

"நீங்க என்ன பேர் சொன்ன?"

"ஹாஜறா."

"என்னத்துக்கு அப்படிச் சொன்ன? மனசில ஏதும் இருந்ததா?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். ஸபியா என்றுதான் சொன்னேன், சனத்துக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. மரைக்காரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மனசில ஒண்டும் இல்ல, ஹஸ்ரத். அவட முகத்தப் பாத்தா எனக்கு வேற பேர் வாயில வருகுதில்ல."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவோ காதல் வசனங்களுக்குப் பக்கத்தில் நின்று, குடத்தோடும் தட்டோடும், கேட்டிருக்கிறேன். எனக்கென்று ஒருவர் சொன்னது அந்த ஒன்றுதான். அதையும் தலாக் விசாரணையில் போய்ச் சொன்னார், நாலு ஆண்களுக்கு முன்னால், என்னைப் பார்க்காமல். நான் அழுதேன். அதற்குச் சுருள் இல்லை.

ஆலிம் தீர்ப்புச் சொன்னார்: நோக்கம் இல்லை என்பதால் போகவில்லை என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் மனைவியைப் பார்த்து மனைவியின் பெயரைச் சொல்லிச் சொன்ன சொல். ஆகவே பேணுதலாக நடப்போம். இரண்டு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடியவில்லை, இப்போதே, இந்தச் சாட்சிகளுக்கு முன்னால், மனைவியை மீட்டிக்கொள்ளுங்கள். காசிம் மீட்டிக்கொண்டேன் என்று சொன்னார். இந்த முறையும் என் பெயரைத்தான் சொன்னார், இந்த முறை சரியாக இருந்தது.

"இனி உங்களுக்கிட்ட ஒண்டுதான் மிச்சம் இரிக்கி. கவனம்" என்றார் ஆலிம்.

பிறகு திரைப்பக்கம் திரும்பி, "வாயப் பொத்தின ஆரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்ல வேல செஞ்ச, புள்ள. நடிக்கிறதப் பத்தி மறுகா கதைப்பம்" என்றார். மறுகா கதைத்தார். ஒன்றரை மணி நேரம் கதைத்தார். அதை இங்கே எழுத இடம் போதாது.

நாடகம் ஒளிபரப்பானது. பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒரு தலைமுறைப் பெண்களின் எதிர்ப்புக் குரல் அந்தக் கையில் இருக்கிறது என்று ஒருவர். மௌனமாக்கப்பட்டவள் மௌனமாக்குகிறாள் என்று இன்னொருவர். வலக்கையா இடக்கையா என்பதன் அரசியலைப் பற்றி ஒருவர் இரண்டு வாரம் தொடராக எழுதினார். இயக்குநர் அந்தக் கட்டத்துக்காகத் தான் பல இரவு தூங்கவில்லை என்று பேட்டி கொடுத்தார். பரிசும் அவருக்குத்தான் கிடைத்தது. தோளாக நடித்தவரின் பெயர் திரையில் ஓடிய எழுத்தில் வரவில்லை. அவர் அதற்குப் படக்குழுவினருக்கு ஒன்பது சாரம் விற்றுப் பழிதீர்த்துக்கொண்டார்.

இதிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வீடு இடிந்தாலும் நடிப்பை நிறுத்தாதே என்று உங்களுக்குச் சொல்வார்கள். சொல்கிறவருடைய வீடு வேறு எங்கோ பத்திரமாக இருக்கும். எழுதி வந்ததைப் படியுங்கள், எதிரில் நிற்பது யார் என்று பாருங்கள், அந்த வாயில் அந்தச் சொல் உங்களுக்கு என்ன செய்யும் என்பதைக் கமரா ஓடுவதற்கு முன்னால் யோசியுங்கள். உங்கள் முகம் முழுதாக வரப்போகிறது என்று யாராவது சொன்னால் இரண்டு தரம் யோசியுங்கள். நான் ஓடிய பிறகுதான் யோசித்தேன். என் கை நீளமாக இருந்தது, தப்பினேன்.

அதற்குப் பிறகும் காசிம் எனக்கு எல்லா வசனமும் வாசித்தார். நாடகங்களில் தலாக் வராத நாடகம் குறைவு, அப்போதெல்லாம் எங்களுக்கு வேறு கதை கிடையாது. அந்த இடம் வந்தால் தாளை மடித்துவிட்டு, "இஞ்ச அந்த மனுசன் ஏதோ சொல்லுவான், நீங்க அழுங்க" என்பார். கோபம் வந்தால் வெளியே எழுந்து போவார், கடற்கரைவரை நடந்துவிட்டு வருவார். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. நான் வாய்க்காரி, அது ஊருக்கே தெரியும். ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதை நாங்கள் இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொன்னது ஒரே ஒரு தரம். அவர் படுக்கையில் விழுந்த கடைசி மாதம். மருந்து குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வழக்கம்போலக் கத்தினேன். அவர் சிரித்தார்.

"சும்மா கிட, புள்ள. எனக்கிட்ட இன்னும் ஒண்டு இரிக்கி, தெரியுந்தானே."

"இருந்தாத் தாங்களன், பாப்பம்."

"தரமாட்டன். அத நான் கொண்டு போறன்."

பதினோராம் நாள் கொண்டு போனார்.